கத்தி அண்ணனும் கோணி மூட்டையும்

மலாயாவில் ஜொகூர் முழுவதையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் கத்தி அண்ணனைப் போல இரத்தம் சிந்தியவரும் கிடையாது, இரத்தத்துக்குப் பயந்தவரும் கிடையாது. இரண்டும் ஒரே ஆள்தான். நான் புளுகுகிறேன் என்று நினைப்பவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்ச் சமையல் குறிப்பைப் படிக்கலாம். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

ரெங்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டம். அங்கே ஆடோ பன்றியோ எதுவானாலும் வெட்டிக் கூறு போடுகிறவர் அவர்தான். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அது பாதிரியாருக்கே மறந்துபோயிருந்தது. ஆறடி உயரம், வாயை மறைக்கும் மீசை. அந்த உருவத்தைப் பார்த்து அழாத குழந்தை எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இல்லை. ஆனால் ஆட்டின் முன்னால் போய் நின்றால் அவர்தான் அழுதுவிடுவார் போலிருக்கும். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து முதலில் ஆட்டின் முகத்தை மூடுவார். பிறகு ஒரு ஜெபம். மன்னித்துக்கொள்ளப்பா என்று அதன் காதில் ஒரு வார்த்தை. அப்புறம்தான் கத்தி. மூஞ்சியைப் பார்த்துவிட்டால் தனக்குக் கை வராது என்பார். ஒரு தடவை துண்டு காற்றில் பறந்துவிட்டது. ஆடு இவரைப் பார்த்தது, இவர் ஆட்டைப் பார்த்தார், அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் தோட்டமே கத்தரிக்காய்க் குழம்பு சாப்பிட்டது. அந்த ஆடு கிழடு தட்டித்தான் செத்தது.

ஜப்பான்காரர்கள் மலாயாவைப் பிடித்தார்கள், ஜப்பான் காலம் வந்தது. ஆடும் போச்சு, பன்றியும் போச்சு. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். கத்தி அண்ணன் தன் கறிக்கடையை மூடினாரா? இல்லையே. கிழங்கைக் கொக்கியில் தொங்கவிட்டு, இது தொடை, இது நெஞ்சு, இது ஈரல் என்று பிரித்து வெட்டிக் கொடுத்தார். பெண்களும் எலும்பில்லாமல் நல்லதாகப் போடுங்கள் என்று கேட்டு வாங்கிப் போனார்கள். அந்தப் பஞ்சத்தில் நாங்கள் சிரித்தது அவர் கடை வாசலில்தான்.

பிறகு வெள்ளைக்காரனிடமிருந்து இந்தியாவை மீட்கப் போகும் படைக்கு ஆள் சேர்த்தார்கள். இளவட்டங்கள் விழுந்தடித்துக்கொண்டு சேர்ந்தார்கள். நானும்தான், அதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. ஆனால் எங்கள் சின்ன ஜெபக்கூடத்தில் இது பெரிய சண்டையாகிவிட்டது. விசுவாசி ஆயுதம் தூக்கலாமா? தூக்கத்தான் வேண்டும் என்றார் உபதேசியார். பாதிரியார் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் எங்களுக்குப் பிரசங்கம், புத்திமதி, அதட்டல் எல்லாமே இந்த உபதேசியார்தான். தாவீது கல்லெடுக்கவில்லையா என்று ஆரம்பித்தாரானால் யோசுவா, கிதியோன் என்று வேதத்துப் போர்வீரர் பட்டாளத்தையே இறக்கிவிட்டுத்தான் ஓய்வார். எதிர்க்கட்சி கத்தி அண்ணன் ஒருவர்தான். ஆண்டவரின் சீஷர் பேதுருவே வாள் எடுத்து ஒருவன் காதை வெட்டினாரே என்று உபதேசியார் சொன்னபோது, இவர் முகத்தைச் சுளித்தார்.

"பேதுரு மீன்காரருங்க ஐயா. அவருக்கு வெட்டத் தெரியல. அந்தக் காதையும் ஆண்டவரு திரும்ப ஒட்டியில்ல வச்சாரு."

கூடமே சிரித்தது. உபதேசியார் மட்டும் சிரிக்கவில்லை. தினம் ஆடு வெட்டிய கைக்கு இப்போது மட்டும் என்ன புனிதம் வந்தது என்று மடக்கினார். வெட்டினால் தின்ன வேண்டும், ஆளைத் தின்பீர்களா என்று இவர் திருப்பிக் கேட்டார். சரி, எல்லோரும் உன்னைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அடிமைப்பட்ட ஜனத்தை யார் விடுவிப்பது என்றார் உபதேசியார். கத்தி அண்ணன் மீசையை நீவினார். தெரியவில்லை என்றார். தெரியவில்லை, ஆனால் தன்னால் முடியாது. உபதேசியார் கோப்பிக் கோப்பையை டக்கென்று வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

விருப்பமுள்ளவன் சேர்ந்தால் போதும் என்று இருந்தவரை வம்பில்லை. எங்கள் வட்டாரத்துக்குப் புதிதாக ஒரு ஜப்பான் அதிகாரி வந்து சேர்ந்தார். தோட்டத்து ஆண்கள் எல்லோரும் பயிற்சிக்கு வர வேண்டும், முரண்டு பிடிப்பவன் சயாமுக்கு ரயில் பாதை போடப் போக வேண்டும் என்று உத்தரவு. சயாமுக்குப் போனவர் யாரும் திரும்பி வந்ததாக அதுவரை நாங்கள் கேள்விப்பட்டதில்லை. ஜப்பான் பாஷையில் நாலு வார்த்தை பொறுக்கி வைத்திருந்த பாவத்துக்கு என்னைப் படையோடு அனுப்பாமல் தோட்டத்திலேயே நிறுத்திப் பயிற்சித் தலைவனாக்கினார்கள். கத்தி அண்ணனின் உயிர் என் தலையில் வந்து விடிந்தது.

நடக்கச் சொன்னால் நடந்தார். குனியச் சொன்னால் குனிந்தார். வினை வந்தது கோணி மூட்டையில். பந்து விளையாடும் திடலில் லாலாங் புல்லை அடைத்து ஒரு மூட்டையைத் தொங்கவிட்டிருந்தோம். மூங்கில் ஈட்டியால் அதைக் குத்த வேண்டும். ஆர்வக் கோளாறில் நான் கரியால் அதற்கு ஒரு முகம் வரைந்து வைத்தேன். கத்தி அண்ணன் வந்தார், துண்டால் அந்தக் கரி முகத்தைத் துடைத்தார், ஒரே இழுப்பில் மூட்டையை மேலிருந்து கீழ்வரை கிழித்தார். குடல் சரிந்த மாதிரி புல் கொட்டியது. அவ்வளவு அழகான குத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் முகம் எங்கே? மறுநாளும் வரைந்தேன். மறுநாளும் துடைத்தார்.

"யாரு தம்பி இது?"

"யாரும் இல்லண்ணே. சும்மா எதிரி."

"யாருன்னே தெரியாம எப்படிக் குத்துறது?"

"மூட்டைதானே லா, குத்துங்கண்ணே."

"மூட்டைன்னா குத்துறேன். நீங்க மூஞ்சி போட்டுட்டீங்களே."

நான் வரைவதும் அவர் அழிப்பதுமாகவே நாட்கள் ஓடின. எங்கள் அடுப்பில் கரி தீர்ந்தது, அவர் துண்டு கறுத்தது. இந்தக் கூத்து அதிகாரியின் காதுக்கு எட்டியது. அவர் நேரில் வந்தார். தார் கொண்டுவரச் சொல்லி, கண், மூக்கு, வாய் என்று அவரே தீட்டினார். எல்லோரும் வரிசையாகக் குத்தினோம். கத்தி அண்ணன் முறை வந்தது. துண்டால் தேய்த்தார். போகவில்லை. மறுபடி தேய்த்தார். தார் அப்படியே முறைத்துக்கொண்டிருந்தது. குத்து, இல்லாவிட்டால் அடுத்த ரயிலில் சயாம் என்றார் அதிகாரி.   அப்போது வரிசையிலிருந்து ஒரு குரல் கெஞ்சியது. உபதேசியார்.

"டேய் கத்தி, துண்டைப் போட்டு மூடுடா. ஆட்டுக்கு மூடுவியே, அந்த மாதிரி மூடிட்டு ஒரே குத்து. கர்த்தர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

கத்தி அண்ணன் துண்டை விரித்தார். அப்பாடா, பிழைத்தோம் என்று எனக்கு மூச்சு வந்தது. அவர் அந்தத் தார் முகத்தைப் பார்த்தார். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஆட்டுக்கு அது போதும் ஐயா. மனுசனுக்கு, மூடினாலும் மூஞ்சி உள்ள இருக்குமே."

ஆட்டுக்கும்தானே இருக்கும் என்று எனக்கு வாய்வரை வந்தது. தர்க்கம் பண்ணுகிற நேரமா அது? அவர் ஈட்டியைத் தரையில் வைத்தார். அதிகாரி எம்பி எம்பி அறைந்தார். இவர் உயரத்துக்கு எம்பத்தான் வேண்டியிருந்தது. இந்த ஆளுக்கு மூளை சரியில்லை என்று என் நாலு வார்த்தையையும் செலவழித்து மன்றாடினேன். பைத்தியமும் தண்டவாளக் கட்டை சுமக்கும் என்று பதில் வந்தது.

ரெங்கம் ஸ்டேசனுக்கு ஜெபக்கூடமே திரண்டு போனது. பிரசங்கத்துக்கு மட்டும் போடுகிற ஒரே கோட்டை உபதேசியார் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டார். கோட்டின் கை அவர் முழங்கையோடு நின்றது. மாட்டிவிடும்போதும் கிதியோனை விடவில்லை மனிதர். வண்டி நகர்ந்த பிறகும் கூடவே ஓடி ஓடித் தர்க்கம் பண்ணினார். வண்டி மறைந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் படை ஜெயிக்க வேண்டும், கத்தி பத்திரமாக வர வேண்டும் என்று இரண்டையும் ஒரே மூச்சில் ஜெபித்தார்.

சண்டை முடிந்து பல மாதம் கழித்து, ஸ்டேசன் பக்கம் ஒருவர் என் எதிரே வந்து நின்றார். எலும்புக்கூட்டின் மேல் ஒரு மீசை. தம்பி என்று கூப்பிட்ட பிறகுதான் ஆள் விளங்கியது.  எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் பாழாய்ப்போன மூட்டையை ஒரு குத்துக் குத்தியிருந்தால் இங்கேயே சுகமாக இருந்திருக்கலாமே என்று நடுரோட்டில் அவரைத் திட்டினேன்.

"இருந்திருக்கலாம்தான் தம்பி. மனசு வரலையே."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு தோட்டம் வரைக்கும் நடந்தேன். ஆயுதம் தூக்குகிற விஷயத்தில் அவர் சொன்னது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. லயம் வந்த பிறகும் அந்தக் கையை விட எனக்கும் மனசு வரவில்லை.