என் வயிற்றில் குடியிருப்பவர்கள் விஷயமாக

சங்கரன்கோவில்,
18-11-1953.

சிரஞ்சீவி மாப்பிள்ளை வைத்தியலிங்கத்துக்கு, அத்தான் சிவராமலிங்கம் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இவ்விடம் நானும் உன் அக்காள் சண்முகசுந்தரியும் க்ஷேமம். இரண்டு மாதமாக அந்த க்ஷேமத்தில் சேராமல் இருந்த என் வயிறும் பத்து நாளாகச் சேர்ந்துகொண்டது. உன் க்ஷேமத்துக்கு எழுதவும்.

இந்தக் கடிதத்தோடு ஜவுளிக்கடைக் காளிராஜ் ஒரு சிறு பாட்டிலும் கொண்டுவருவான். வாங்கியவுடன் மூடியை மெதுவாகத் திற. உள்ளே இருப்பது மோர், மூன்று நாளில் பொங்கியிருக்கும். மெட்ராஸில் கிருமிகளை லென்ஸ் வைத்துப் பார்ப்பதே உன் உத்தியோகம் என்பதால் உன்னிடம் அனுப்புகிறேன். காரணத்தை முதலிலிருந்து சொல்லுகிறேன், பொறுமையாகப் படி.

புரட்டாசியில் எனக்கு டைபாய்டு வந்தது. உனக்கு எழுதக் கூடாது என்று உன் அக்காளைத் தடுத்தவன் நான்தான். முப்பது வருஷம் சானிட்டரி இன்ஸ்பெக்டராக இருந்து, கிணறு கிணறாக மருந்து போட்டு, ஈ மொய்த்த பண்டத்தையெல்லாம் வாரிக் கொட்டியவனுக்கு, பென்ஷன் வாங்கிய இரண்டாம் வருஷமே டைபாய்டு என்றால் எந்த முகத்தோடு எழுதுவது? தேரடிப் பக்கம் டிஸ்பென்சரி வைத்திருக்கும் டாக்டர் முகம்மது ஹுசைன், கடையநல்லூர்க்காரர், நல்ல மனுஷர், புதிதாக வந்திருக்கும் மாத்திரையைக் கொடுத்தார். நாலாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. அவர் சொன்ன நாள் கணக்கோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. கிருமி விஷயத்தில் அரைகுறை வேலை பார்த்துப் பழக்கமில்லாதவன் நான். திருநெல்வேலிக்கு ஆள் அனுப்பி அதே மாத்திரையை வாங்கிவரச் செய்து, அவருக்குத் தெரியாமல் மேற்கொண்டு இருபது நாள் விழுங்கினேன். உள்ளே ஒரு கிருமி மிச்சமில்லாமல் சுத்தம் செய்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். சுத்தமும் ஆகிவிட்டது, அதுதான் வினை.

முதலில் நாக்கு வெள்ளை பூத்தது. பிறகு வயிறு போக ஆரம்பித்தது, அது நிற்பதாகவே இல்லை. கழுத்தில் ஒரு கட்டி வந்தது, அது ஆறுவதற்குள் முதுகில் அதன் தம்பி வந்தான். ஆயுசில் ஜலதோஷம் பிடிக்காத எனக்கு, தெருவில் யார் தும்மினாலும் அது என் மூக்குக்கே வந்து சேர்ந்தது. வேட்டி இடுப்பில் நிற்காமல், பழைய காக்கி டவுசரின் பெல்ட்டை மேலே கட்டிக்கொண்டு நடமாடினேன். ஒருநாள் கொல்லைக்குப் போனவன் எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடித்தபடி இருந்துவிட்டேன். உன் அக்காள் வந்து தூக்கிவிட்டாள். அவள் அழவில்லை. ஆனால் அன்று அரிசி புடைக்க உட்கார்ந்தவள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மாவே இருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் நான் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார்.

"அண்ணாச்சி, ஊருக்குள்ள நாலு திருடன் வந்தான். நீங்க என்ன செஞ்சிய, ஊரையே காலி பண்ணிட்டிய. குடியிருந்த நல்லவனும் போயிட்டான். காலியாக் கிடந்த வீட்டுல இப்ப கண்டவனும் ஏறிக் குந்திக்கிட்டான்."

"நல்லவனா? கிருமியிலயா?"

"உங்க குடலுக்குள்ள கோடிக்கணக்குல இருக்கு. பெறந்ததுல இருந்தே இருக்கு. அதுக இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கதாலதான் மத்ததுக்கு உள்ள எடமில்ல."

எனக்கு உடம்பு கூசிவிட்டது, மாப்பிள்ளை. ஐம்பத்தேழு வருஷமாக என் சம்மதம் கேளாமல் இத்தனை பேரை வைத்துச் சோறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஆனால் கூச்சம் போன பிறகு கேள்விகள் வந்தன, அவை இன்றுவரை விடவில்லை. வயிற்றில் இருப்பவர்கள் வயிற்றைக் காப்பது சரி. கழுத்துக் கட்டிக்கும் மூக்குக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்? அதைக் கேட்டபோது டாக்டர் ஒரு பத்திரிகையை எடுத்துக் காட்டினார். அமெரிக்காவில் சில விலங்குகளைக் கிருமியே அண்டாத கூண்டில் பிறப்பித்து வளர்க்கிறார்களாம். அவற்றின் உடம்பில் நோயை எதிர்த்து நிற்க வேண்டிய சுரப்பிகள் சரியாக வளர்வதே இல்லையாம்.

"சண்டைக்கு ஆளே வராத ஊர்ல போலீஸ்காரன் லத்தி சுத்தப் படிப்பானா? அது மாதிரி இருக்கும்னு நெனைக்கேன். ஆனா உங்க கட்டி அதனாலதான் வந்துச்சான்னு கேட்டா எனக்குத் தெரியாது. இன்னும் யாருக்குமே முழுசாத் தெரியாது" என்றார்.

தெரியாது என்று சொல்லுகிற டாக்டரை நான் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். அவர் சொன்னதை அப்படியே நம்பிவிட்டேன்.

இனிமேல் அந்த மாத்திரையைத் தொடவே கூடாது என்றார். தினம் புளித்த மோர் குடிக்கச் சொன்னார், அதில் நல்ல வகைக் கிருமி உண்டாம். இங்கேதான் சங்கடம். நம் வீட்டில் மோர் கிடையாது. அண்டை வீட்டு உறைமோரில் என்ன இருக்குமோ என்று நான்தான் கல்யாணமான வருஷமே நிறுத்திவைத்தேன். தெருவில் நல்ல மோர் பேச்சித்தாயிடம் மட்டும் உண்டு. அந்தப் பேச்சித்தாயின் தயிர்ப்பானையைத்தான், மூடி போடவில்லை என்று, பன்னிரண்டு வருஷம் முன்பு சந்தை கூடியிருந்த நேரத்தில் எல்லோர் கண்முன்னாலும் நான் சாக்கடையில் கவிழ்த்தேன். அன்றுமுதல் அவள் என்னோடு பேசுவதில்லை.

உன் அக்காள், "நான் போக மாட்டேன். கவுத்தது யாரு?" என்று சொல்லிவிட்டாள். பெல்ட்டை இறுக்கிக்கொண்டு நானே போனேன். நாலு வீடு தள்ளிப் போவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். பேச்சித்தாய் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன இன்ஸ்பெட்டரய்யா, இன்னும் எதையாவது கவுக்கணுமா?"

"இல்ல பேச்சித்தாயி. கொஞ்சம் மோர் வேணும்."

"எதுக்கு?"

"உயிரோட இருக்கதுக்கு."

அவள் ஆட்டுவதை நிறுத்திவிட்டு எழுந்தாள். பிறகு கையைக் கழுவினாள், எனக்காகவே இரண்டு தடவை கழுவினாள் என்று நினைக்கிறேன். "நீங்க வீட்டுக்குப் போங்க, நிக்கவே முடியலியே. நான் கொண்டாந்து குடுக்கேன்" என்றாள். அன்றுமுதல் தினம் காலையில் ஒரு செம்பு மோரை மஞ்சளும் பெருங்காயமும் போட்டு, செம்பின் வாய்க்கு வெள்ளைத்துணி கட்டி, கொல்லை வாசலில் உன் அக்காளிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அக்காள் டம்ளரில் ஊற்றித் தருவாள். ஆறாம் நாள் வயிற்றுப்போக்கு நின்றது. பத்தாம் நாள் நாக்கு சிவந்தது. கட்டிகள் வற்றின. நேற்று பெல்ட்டைக் கழற்றிவிட்டேன்.

ஆகவே மாப்பிள்ளை, பேச்சித்தாயின் மோரில் இருக்கும் அந்தப் புண்ணியவான்கள் யார், பார்க்க எப்படி இருப்பார்கள், குச்சியா உருண்டையா என்று உன் லென்ஸில் பார்த்து எழுத வேண்டும். என் டம்ளரிலிருந்தே ஊற்றியிருக்கிறேன். பாட்டிலை நானே மூன்று தடவை வெந்நீரில் கழுவினேன். சோற்றிலும் தண்ணீரிலும் நான் இத்தனை வருஷம் கொன்றதில் இவர்களுடைய சொந்தக்காரர்களும் இருந்திருப்பார்களா என்பதையும், என் மனம் நோகும் என்று பார்க்காமல், எழுதவும்.

உன் சம்சாரத்துக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். எல்லோரும், அவரவர் வயிற்றில் இருப்பவர்களும் சேர்த்து, நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
அத்தான் சிவராமலிங்கம்

பின்குறிப்பு: மேற்படி கடிதத்தை ஒட்டுவதற்கு முன்பு பேச்சித்தாய் வந்தாள். மோரை மெட்ராஸுக்கு அனுப்புகிறேன், அதிலுள்ள கிருமிதான் என்னைப் பிழைக்கவைத்தது என்று நன்றியோடு சொன்னேன். அவள் முகம் சுண்டிவிட்டது. "என்னய்யா இப்படிச் சொல்லுதிய? உங்களுக்குக் கிருமின்னா ஆகாதுன்னுதான மஞ்சளப் போட்டு நல்லாக் கொதிக்க வச்சு, திரிஞ்சத வடிகட்டிக் கொண்டாந்தேன்? ஒண்ணுகூட உசுரோட இருந்திருக்காது" என்றாள். கொதிக்கவைத்தால் எதுவும் பிழைக்காது என்பதை இந்த ஊருக்கே சொல்லிக்கொடுத்தவன் நான். அப்படியானால் என் வயிற்றில் வந்து குடியேறியது யார் என்று சத்தமாகவே கேட்டேன். உன் அக்காள் கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தாமல், "அவ கொண்டாந்த மோருல நான் தெனம் ஒரு சிட்டிகை, கோயில்ல பிரசாதமாக் குடுக்க புத்துமண்ணு கலந்துதான் குடுத்தேன்" என்றாள். பாட்டிலின் அடியில் தங்கியிருப்பது அழுக்கு அல்ல. அதைக் கொட்டிவிடாதே, அதையே முதலில் பார். டாக்டருக்கு எழுதாதே.