வாலா, வாளா, வாழா?

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக மனிதகுலத்துக்கு வாய்த்த பெரும்பேறு, ‘புனித நகர்ப் பெயர் உச்சரிப்பு நெறிப்படுத்தும் உயர்மட்டக் குழு’. சந்தேகப்படுபவர்கள் பேருந்து நிலைய அறிவிப்பாளர் அம்மாளைக் கேட்டுத் தெளியலாம்.

பத்தொன்பது ஆண்டுகளாக அவர் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, அந்தப் புனித நகரின் பெயரை நாளுக்கு நாற்பது தடவை ஒலிபெருக்கியில் சொல்லிவந்தார். ஜனங்கள் கேட்டார்கள், ஏறினார்கள், போய்ச் சேர்ந்தார்கள். இவ்வளவு பெரிய குளறுபடி யார் கண்ணிலும் படவில்லை.

குழுதான் கண்டுபிடித்தது. பெயரின் முதல் எழுத்து ‘வா’. அதில் தகராறு இல்லை. அடுத்த எழுத்தில்தான் வினை. மகான் ஏறிவந்த குதிரையின் வால் அறுந்து விழுந்த இடம், ஆகவே ‘வால்’ என்றார் பேராசிரியர். மன்னன் மகானின் காலடியில் வாளைப் போட்ட இடம், ஆகவே ‘வாள்’ என்றார் விடுதிச் சங்கத் தலைவர். மகான் ‘வாழ்க’ என்று வாழ்த்திய இடம் என்பது போக்குவரத்து மேலதிகாரியின் கட்சி. அவருக்கு ழகரம் வராது. அவர் பேசி முடித்ததும், தமக்கு ஆதரவு கிடைத்துவிட்டதென்று விடுதிச் சங்கத் தலைவர் கைதட்டினார்.

அறிவிப்பாளர் அழைக்கப்பட்டார்.

“நீங்க எந்த ‘ல’ சொல்றீங்கம்மா?” என்றார் பேராசிரியர்.

“அந்த மைக்குல எல்லாம் ஒண்ணாத்தான் சார் கேக்கும். வருஷக்கணக்கா கரகரன்னு கிடக்கு.”

“அலட்சியம்,” என்று எழுதிக்கொண்டார் பேராசிரியர்.

முடிவு தெரியும்வரை பெயரைச் சொல்லக் கூடாது என்று உத்தரவு வந்தது. வண்டிகளின் நெற்றியில் ஊர்ப் பெயரை மறைத்து வெள்ளைத் தாள் ஒட்டினார்கள். மறுநாள் முதல் அறிவிப்பாளர், “பெயர் பரிசீலனையில் உள்ள நகருக்குச் செல்லும் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது” என்றார். புதிதாக ஏதோ ஊர் கட்டியிருக்கிறார்கள் போலும் என்று ஜனங்கள் ஏறாமல் இருந்தார்கள். வண்டிகள் காலியாகப் போயின. ‘நெரிசல் வெகுவாகக் குறைந்தது’ என்று குழு தன் சாதனைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

ஐந்தாம் நாள் காலை பத்தரை மணிக்கு ஒருவர் கூண்டின் கண்ணாடியைத் தடவித் தட்டினார். கூடை முடைபவர். இரு கண்ணும் தெரியாது.

“அக்கா, அந்த ஊர் வண்டி இன்னிக்கு ஓடலையா? ஏழு மணியிலேருந்து காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். பன்னெண்டு மணிக்கு அங்க ஆஸ்பத்திரியில பொண்டாட்டிக்கு ஆபரேஷன். நான் கைநாட்டு வச்சாத்தான் செய்வாங்களாம்.”

மூன்று வண்டிகளைக் கூடைக்காரரின் காதருகிலேயே அறிவிப்பாளர் பெயர் சொல்லாமல் அனுப்பிவைத்திருந்தார். நான்காவது, நேரத்துக்குப் போகக்கூடிய கடைசி வண்டி, வாசலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. மைக்கைத் திறந்தார். பெயரைச் சொன்னார். மூச்சு விடாமல் மூன்று தடவை சொன்னார்.

“டிரைவர், வண்டியை நிறுத்துங்க. ஆள் வருது.”

வண்டி நின்றது. பெஞ்சுகளிலும் தூணடியிலும் மணிக்கணக்காகக் காத்துக் கிடந்த எழுபது பேர் எழுந்து ஓடினார்கள். யாரோ இருவர் கூடைக்காரரின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அவர் கைநாட்டு வைத்தார்; மனைவி பிழைத்தார். தலைப்புக்குத் தொடர்பில்லாததால் குழு இதைக் குறிப்பில் ஏற்றவில்லை.

குழு கேட்டதெல்லாம் ஓட்டுநரிடம் ஒரே கேள்விதான்: “அந்தம்மா சொன்னது வாலா, வாளா, வாழா?”

“ஊர்ப் பேர் சார்,” என்றார் ஓட்டுநர்.

‘அங்கீகாரமற்ற உச்சரிப்பு’ என்ற குற்றத்துக்காகப் பணிநீக்க உத்தரவு இருபத்திரண்டு பக்கத்தில் தயாரானது. ஊரின் பெயர் வரவேண்டிய இடமெல்லாம் மிகுந்த பொறுப்புடன் வெற்றிடமாக விடப்பட்டிருந்தது. ஓய்வு பெற ஆறு மாதமே இருந்த அலுவலக உதவியாளர் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். அறிவிப்பாளர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

“அண்ணே, இது என் பேர் இல்லையே. யாருக்கோ வந்திருக்கு.”

“உங்களுக்குத்தாம்மா,” என்றார் உதவியாளர், தரையைப் பார்த்துக்கொண்டு. “குழு போட்டு நாலு மாசமா பேரைப் பத்தித்தான் பேசறாங்க. உங்க பேர் என்னன்னு ஒருத்தருக்கும் கேக்கத் தோணலை.”