பின்னால் நின்ற பீரோ

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே அனைவரும் நலம், அங்கே உங்கள் நலம் அறிய ஆவல் என்றுதான் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். நலம் என்ற இடத்துக்கு வந்து சேரக் கொஞ்ச நேரமாகும், அதுவரை உட்கார்ந்துகொண்டே படி. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று பேசிவிடுவாய். காகிதம்தான் என்னைக் கடைசிவரை பேச விடும்.

ஞாயிற்றுக்கிழமை லாரியோடு வருவதாகச் சொன்னாயே, அந்தப் பீரோவைப் பற்றித்தான். அம்மா உனக்கென்று கொடுத்த மரப் பீரோ, நீ சின்ன வீட்டுக்கு மாறியபோது "கொஞ்ச நாள் உன்கிட்ட இருக்கட்டும்டி" என்று விட்டுப்போய் ஆறு வருஷமாக எங்கள் கூடத்தில் நிற்கிற பீரோ, மாதம் தவறாமல் நானும் "எப்ப எடுத்துட்டுப் போறே?" என்று உன்னைக் கேட்ட பீரோ.

எங்கள் மாநகராட்சி போனில் ஒரு செயலி கொண்டுவந்திருக்கிறது. பெயர் 'மறுவாழ்வு'. வீட்டில் கிடக்கும் உடைசலைப் படமெடுத்துப் போட்டால், அதை வேறு பொருளாக்கத் தெரிந்தவர்கள் வந்து எடுத்துப்போவார்கள். பழைய டயர் உட்காரும் மோடாவாகும், கிழிந்த குடை பையாகும், குப்பைமேட்டுக்கு எதுவும் போகாது. கொடுக்கக் கொடுக்க நாம் விதை, செடி, மரம் என்று பதவி உயர்வு பெறுவோம். எதிர்வீட்டு டீச்சர் மூன்றே வாரத்தில் மரமாகிவிட்டார். மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம், "நீங்க இன்னும் விதைதானா?" என்று அக்கறையாக விசாரிப்பார். இருபது வருஷமாக ஒரே அலுவலகத்தில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளுக்கு அது எங்கே போய்க் குத்தும் என்று உனக்குத் தெரியும். கால் உடைந்த நாற்காலி ஒன்றைக் கூடத்தில் வைத்துப் படமெடுத்தேன். படத்தில் எது பொருள் என்று செயலி தானாகவே கண்டுபிடித்து, அதைச் சுற்றி மஞ்சள் கட்டம் போட்டு, 'இதுதானா?' என்று கேட்கும். கேட்டது. 'ஆம்' என்று அழுத்தினேன். கட்டம் நாற்காலியைச் சுற்றி இல்லை அக்கா, பின்னால் நின்ற உன் பீரோவைச் சுற்றி இருந்திருக்கிறது. டாக்டர் மூக்குக்கண்ணாடிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து எட்டு மாதமாகிறது. நான் இன்னும் போனைத் தூரத் தள்ளிப் பிடித்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நான் அலுவலகத்தில் இருந்தபோது தச்சர் வந்திருக்கிறார். வீட்டிலிருந்த என் வீட்டுக்காரர் கதவைத் திறந்து, ஒரு பக்கம் கைகொடுத்து வண்டியில் ஏற்றியும்விட்டு, அன்றைக்கே வேலை விஷயமாகப் பத்து நாள் வெளியூர் கிளம்பிவிட்டார். நான் வந்து பார்த்தால் சுவரில் பீரோ அளவுக்கு ஒரு வெளுப்பு, அதற்கு முன்னால் அந்த நொண்டி நாற்காலி. பையைக்கூட இறக்கி வைக்காமல் பட்டறைக்கு ஓடினேன்.

"மேடம், நீங்கதானே 'ஆம்'னு அழுத்தினீங்க?" என்றார் தச்சர்.

"அது நாற்காலிக்குங்க!"

"நாற்காலிக்கு எதுக்குங்க மறுவாழ்வு? ரெண்டு ஆணி அடிச்சா சரியாப் போயிடுமே!"

அதற்குள் பீரோவைப் பிரித்தாகிவிட்டது. கண்ணாடிக்கும் இழுப்பறைகளுக்கும் செயலியில் ஏற்கெனவே ஆட்கள் காத்திருந்தார்களாம். கதவுக் கண்ணாடி சலூனில். "கழட்டிட்டா, வர்றவங்க முகத்தை எதுலம்மா பார்ப்பாங்க, உங்க முகத்துலயா?" என்றார் சலூன்காரர். என் அலங்கார மேஜையின் கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் மீட்டேன். இழுப்பறைகள் தையல்காரம்மாவிடம். "பட்டன், ஊக்கு, நூல்னு இப்பத்தான்க்கா அடுக்கி முடிச்சேன். கொட்டச் சொல்றீங்களே, நியாயமா?" என்று கண் கலங்கினார். என் அலமாரியின் இழுப்பறைகள் இரண்டு அங்கே போயின. என் துணிகளெல்லாம் சூட்கேசுக்குள் போயின. நான் கொடுத்த ஒவ்வொன்றையும் அவர்கள் நேர்மையாகச் செயலியில் பதிவுசெய்ததால், நாலாவது நாள் போன் மணியடித்து, 'வாழ்த்துகள்! நீங்கள் இப்போது மரம்' என்றது. பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன், கையில் ஒரு இழுப்பறையோடு.

தச்சர் பரிதாபப்பட்டு எல்லாவற்றையும் மறுபடி பூட்டிக் கொடுத்தார். நேற்றிலிருந்து பீரோ பழைய இடத்தில் நிற்கிறது. ஒரு கதவு உதைத்தால்தான் மூடுகிறது. கண்ணாடியின் மூலையில் 'முகச்சவரம்' என்று ஒட்டியிருந்த காகிதம் பாதிதான் உரிந்தது. மூக்குக்கண்ணாடியும் வாங்கிவிட்டேன். இவரிடமும் போனில் மூச்சுவிடவில்லை, உன்னிடமும் ஒன்றும் சொல்லாமல் லாரியில் ஏற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். அம்மா அதை உனக்குக் கொடுத்த அன்று "எனக்கெதுக்கு அது" என்று சொன்னேனே, பொய். ஆறு வருஷத்தில் ஒரு கைக்குட்டையைக்கூட அதில் வைக்கவில்லை. உன்னுடையது என்ற மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது யோசித்தால், அந்த 'ஆம்' முழுக்க முழுக்கக் கண் செய்த தப்புதானா, விரலுக்கும் ஏதாவது தெரிந்திருந்ததா என்று சந்தேகமாக இருக்கிறது. திட்டுவதாக இருந்தால் இரண்டுக்கும் சேர்த்துத் திட்டு.

அத்தானுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகளுக்கு ஆசிகள், பெரியவள் என்னைப்போல் போனைத் தள்ளிப் பிடிக்க ஆரம்பிக்காமல் பார்த்துக்கொள்.

தலைகுனிந்து நிற்கும்,
உன் தங்கை

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் இவர் ஊரிலிருந்து வந்துவிட்டார். பீரோவைப் பார்த்ததும் கையிலிருந்த பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ஐயோ, இது எப்படித் திரும்பி வந்துச்சு?" என்றார். கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "உங்க அக்கா ரெண்டு வருஷமா என்கிட்ட கெஞ்சிட்டிருக்காங்க. அது எங்க வீட்டு வாசல்லயே நுழையாது, யாருக்காவது கொடுத்திடுங்க, அம்மா கொடுத்ததைத் தள்ளிவிட்டேன்னு தங்கச்சிக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவா, அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னு. நீ விடாம நச்சரிக்கவும் வேற வழியில்லாம லாரி பேசிட்டாங்க. தச்சர் வந்தப்ப, சரி, அக்காவும் தங்கச்சியும் ஒருவழியா பேசி முடிச்சிட்டாங்கன்னு நான் சந்தோஷமாத் தூக்கிவிட்டேன்!"

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே போன் மணியடித்தது, அந்தச் செயலிதான். தச்சர் மறுபடி பூட்டி முடித்துப் பட்டறையில் எடுத்த உன் பீரோ படம், சுற்றிலும் மஞ்சள் கட்டம், 'மறுவாழ்வு தரலாமா?' மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு முறை படித்துப் பார்த்து, 'இல்லை' என்று அழுத்தினேன். சூட்கேசிலிருந்த துணிகளை அதில் அடுக்கிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸிலேயே வா.