பானெட் மேல் ஒரு டம்ளர்

கார் பானெட்டின் மேல் வைத்த எவர்சில்வர் டம்ளர் முதலில் நடுங்கியது. பிறகு மெல்ல நடக்க ஆரம்பித்தது. விளிம்பு வரை வந்து, தண்ணீரோடு கோதண்டத்தின் காலடியில் விழுந்தது. இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது.

"மூணாவது டம்ளர்," என்றாள் அவர் மனைவி தாட்சாயிணி. "எல்லாம் நெளிஞ்சி போச்சி. சம்பந்தி ஊட்டுக்காரங்க வந்தா இதுல தான் காபி குடுக்கணும்."

"டம்ளரா இப்ப முக்கியம்? இன்னும் இருபது நாள்ல மாப்பிள்ளை அழைப்பு. இது இப்படி ஆடுச்சின்னா இன்னா பண்றது?"

மாப்பிள்ளை அழைப்பில் கார் ஓடுவதில்லை. பேண்டு செட்டுக்குப் பின்னால் ஊர்ந்து போகும். ஆக்சிலேட்டரில் கால் வைக்க முடியாது. இன்ஜின் தானாக மூச்சுவிடுகிற வேகம் எதுவோ, அதில்தான் போக வேண்டும். மெக்கானிக்குகள் அதை ஐடிலிங் என்பார்கள். கோதண்டத்தின் அம்பாசிடருக்கு இப்போது அந்த மூச்சுதான் இல்லை.

மகள் வடிவின் நிச்சயதார்த்தத்தன்று முப்பது பேர் முன்னால் அவர் வாயை விட்டிருந்தார். "வாடகைக் காரெல்லாம் எதுக்கு சம்பந்தி? மாப்பிள்ளைய என் சொந்தக் கார்ல, நானே ஓட்டிகினு வரேன்." மாப்பிள்ளை வீட்டு வேலப்பன்சாவடிக்காரர்கள் அதை மறக்கவில்லை. வாரம் ஒருமுறை யாராவது கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அந்த வண்டியை அவருக்கு விற்றது எத்திராஜ். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இருவருக்கும் ஒரே லேத் மெஷின். கோதண்டம் பகல் ஷிப்டு, எத்திராஜ் இரவு ஷிப்டு. பதினெட்டு வருஷமாக, காலையும் மாலையும் மெஷினைக் கைமாற்றும் அந்தப் பத்து நிமிஷத்தில்தான் அவர்கள் சிநேகமாக இருந்தார்கள். பத்து நிமிஷ சிநேகம் கெடுவதற்கு வழியே இல்லை. கார் வந்த பிறகுதான் வழி கிடைத்தது.

தை மாசம் வண்டியைக் கொண்டுவந்து விட்டபோது, எத்திராஜ்தான் பானெட்டின் மேல் டம்ளரை வைத்துத் தண்ணீரைத் தளும்பத் தளும்ப ஊற்றினார். இன்ஜின் ஓடியது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

"ஆனா மச்சான், ஒரு சின்ன வேல கீது. அந்தக் கார்பரேட்டர்ல..."

"நானு லேத்துல ஒரு மயிரிழைல வேல பாக்கறவன். எனக்கே கார் சொல்லித் தர்றியா?" என்றார் கோதண்டம்.

எத்திராஜ் சிரித்துவிட்டுப் பேச்சை விட்டுவிட்டார்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் நைட் ஷிப்டு முடித்து, டிபன் கேரியரோடு நேராக இங்கே வந்துவிடுவார். பின்வாசலில் நின்று, "தங்கச்சி, ஒரு துண்டு சோப்பு குடும்மா," என்பார். பானெட்டைத் தூக்கிக்கொண்டு பத்து நிமிஷம் குனிந்திருப்பார். டீ குடிப்பார். தூக்கத்துக்கு ஏங்கும் கண்களோடு சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விடுவார்.

"கம்பெனில சோப்பு குடுக்கறாங்க இல்ல? இங்க வந்து தான் கைய கழுவணுமா?" என்று தாட்சாயிணி முணுமுணுப்பாள். ஆனாலும் கொடுப்பாள்.

கோதண்டத்துக்கு அதெல்லாம் உறுத்தவில்லை. ஆடி மாசம் அவருடைய மைத்துனர் பக்தவத்சலம் வந்து உறுத்த வைத்தார்.

"இன்னா மாமா, வண்டி உங்க பேர்ல தான் கீதா? இல்ல இன்னும் அந்தாளு பேர்ல தான் கீதா? வாராவாரம் வந்து தடவிக் குடுத்துட்டுப் போறாரே, பொண்ணக் கட்டிக் குடுத்த அப்பன் மாதிரி."

அடுத்த ஞாயிறு எத்திராஜ் பானெட்டில் கை வைத்ததும் கோதண்டம் வெளியே வந்தார்.

"மச்சான், வித்தாச்சி இல்ல? இனிமே தொடாத."

"ஒரு சின்ன வேல கீதுபா, அத மட்டும்..."

"என் வண்டி. என் வேல."

எத்திராஜ் கையில் இருந்த சோப்பைத் திண்டின் மேல் வைத்துவிட்டுப் போனார். சைக்கிள் தெருமுனையில் திரும்பும் வரை கோதண்டம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மனைவியிடம் திரும்பினார். "இனிமே அந்தாளுக்கு ஒரு சோப்புத் துண்டு கூடக் குடுக்காத. தெரிதா?"

பத்தாவது நாள் வண்டி உதற ஆரம்பித்தது.

மூன்று டம்ளர் நெளிந்த பிறகு கோதண்டம் தானே வைத்தியத்தில் இறங்கினார். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினார். ஒயர்களைத் திரும்ப மாட்டும்போது எது எதில் இருந்தது என்பது மறந்துபோனது. நியாயமாகத் தோன்றிய வரிசையில் மாட்டினார். சாவியைத் திருகினார். இன்ஜின் ஓடவில்லை. சைலன்சர் வெடித்தது.

எதிர்வீட்டுக் குப்பம்மா அப்போதுதான் பாயில் வடாம் பிழிந்து முடித்திருந்தாள்.

"யோவ்! இது இன்னா வடாமா, கரியா?" என்று கரி படிந்த பாயைத் தூக்கிக் காட்டினாள். "ரெண்டு படி மாவுயா! உன் பொண்ணு கல்யாணத்துக்குத் தான்யா பிழிஞ்சேன்!"

பஸ் ஸ்டாப் அருகே கடை வைத்திருந்த மெக்கானிக் வரதனிடம் வண்டி போனது. வரதன் ஒயர்களைச் சரியாக மாட்டினான். இன்ஜின் ஓடியது, பழைய உதறலோடு. அவன் அதைத் தலையைச் சாய்த்துக் கேட்டான். கேட்கிற தோரணையைப் பார்த்தால் டாக்டர் தோற்றார்.

"நிக்குதுன்றியா? நிக்காம பண்ணிட்றேன்."

பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரில் ஒரு திருகைத் திருகினான். இன்ஜின் உறுமியது. உதறல் அந்த உறுமலுக்குள் மறைந்துபோனது. சொன்னது போலவே, வண்டி நிற்கவில்லை. எங்கேயும் நிற்கவில்லை. கியரில் போட்டால் கால் வைக்காமலேயே பஸ்ஸை முந்தியது.

நசரத்பேட்டையில் சின்ன மாமனார் வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போனார்கள். மாமனார் வாசலில் கைகூப்பி நின்றார். கோதண்டமும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து வணங்கினார். வணங்கியபடியே அவரைத் தாண்டிப் போனார். பிரேக்கை மிதித்து, சாவியைப் பிடுங்கி வண்டியை நிறுத்தியபோது வீடு அறுபது அடி பின்னால் இருந்தது. மாமனார் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடிவந்து ஜன்னல் வழியாகப் பத்திரிகையை வாங்கிக்கொண்டார்.

"உள்ள வந்து ஒக்காரக் கூட நேரமில்லயா? அவ்ளோ பெரிய மனுசனா ஆயிட்டியா?" என்றார். இன்றுவரை அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"இந்த வேகத்துல மாப்பிள்ளை அழைப்புன்னா பேண்டு செட்டு ஓடிகினே தான் வாசிக்கணும்," என்றாள் தாட்சாயிணி.

அன்று சாயங்காலம்தான் கோதண்டத்துக்கு அந்த யோசனை தோன்றியது. ஏழு மாசம் நன்றாக ஓடிய வண்டி. எத்திராஜிடம் 'தொடாதே' என்று சொன்ன பத்தாம் நாள் கெட்டது. அப்படியென்றால் கடைசி ஞாயிறு அவர் எதையோ கழற்றிக்கொண்டு போயிருக்கிறார். வேறென்ன?

மறுநாள் சாயங்காலம் ஷிப்டு மாறும் நேரத்தில் லேத்தின் பக்கத்திலேயே கேட்டுவிட்டார். சுற்றிலும் நாற்பது பேர்.

"இன்னாத்த கழட்டினே?"

எத்திராஜுக்குப் புரியவில்லை. புரிந்தபோது முகம் மாறியது. "நான் எதையும் கழட்டலபா. வண்டிய ஒரு தபா காட்டு. பத்தே நிமிசம்."

"காட்டுவேன், காட்டுவேன். கல்யாணத்தன்னிக்கு நானு நடுரோட்ல நிக்கணும். அதானே உன் ஆச?"

"கோதண்டம், வடிவு என் பொண்ணு மாதிரிபா."

"அவளுக்கு அப்பன் நான் ஒருத்தன் போதும். வண்டிய தொட்டே, கைய ஒடிச்சிடுவேன்."

எத்திராஜ் திரும்பி லேத்தை ஓடவிட்டார். கோதண்டத்தின் சட்டைப் பையில் ஒரு கல்யாணப் பத்திரிகை இருந்தது. 'எத்திராஜ் மாமா குடும்பத்தாருக்கு' என்று வடிவு தன் கையாலேயே எழுதிக் கொடுத்தது. கேட்கும் முன் கொடுத்திருக்கலாம். கேட்ட பிறகாவது கொடுத்திருக்கலாம். அது பையிலேயே வீட்டுக்குத் திரும்பி வந்தது. அடுத்த நாளிலிருந்து பத்து நிமிஷமும் இல்லை. ஒருவர் மெஷினை விட்டுப் போன பிறகே மற்றவர் வந்தார்.

மாப்பிள்ளை அழைப்புக்கு முந்தின நாள் வரதன் திருகைப் பழையபடி இறக்கினான். "மெதுவா போவும். நின்னா தள்ளிக்கோ," என்றான். அவன் சொன்னதில் உண்மையாக நடந்தது அது ஒன்றுதான்.

பொன்னியம்மன் கோயிலிலிருந்து மண்டபம் அரை கிலோமீட்டர். மாலையும் கோட்டுமாக மாப்பிள்ளை வேம்புலி பின்சீட்டில் உட்கார்ந்தான். பேண்டு முழங்கியது. வண்டி நான்கு அடி நகர்ந்து நின்றது. ஸ்டார்ட் செய்தார். ஆறு அடி போய் நின்றது. பதினோராவது முறை சாவியைத் திருப்பியபோது 'டக்' என்று மட்டும் கேட்டது. பேட்டரி தீர்ந்துவிட்டது.

மாப்பிள்ளையின் பெரியப்பா வீராசாமி ஜன்னலுக்குள் தலையை நீட்டினார். "இன்னா சம்பந்தி, மாப்பிள்ளைய அழைச்சினு வருவீங்கன்னு பாத்தா தள்ளிகினு வர்றீங்களே?"

விளக்கு தூக்கியவர்கள் தள்ள முடியாது. பேண்டுக்காரர்கள் தள்ளினால் பேண்டு நின்றுவிடும். மீதி இருந்தவர்கள் பட்டு வேட்டிக்காரர்கள். கடைசியில் வேம்புலியே இறங்கிவிட்டான். நல்ல பையன்.

மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பின்சீட் காலியாக இருந்தது.

"ஐயோ, மாப்பிள்ள எங்கடி?"

மாப்பிள்ளை பின்னால் டிக்கியைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். மாலையில் பாதி ரோட்டில் கிடந்தது. ஆரத்தியை டிக்கிப் பக்கம் கொண்டுபோய்ச் சுற்றினார்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். கோதண்டமும் சிரித்தார். சிரித்தபடியே கூட்டத்தில் யாரையோ தேடினார். அழைக்காமல் எப்படி வருவார்? மறுநாள் தாலி கட்டி முடிந்ததும் வடிவு அப்பாவின் காலில் விழுந்து எழுந்தாள்.

"எத்திராஜ் மாமா எங்கப்பா?"

"நைட் ஷிப்டும்மா," என்றார். அப்போது மணி காலை ஒன்பது.

கல்யாணச் சந்தடி அடங்கி, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிய பிறகு, பக்தவத்சலம் யாரையோ பிடித்துச் சின்னப்பையனை அனுப்பிவைத்தார். சின்னப்பையனுக்கு வயது அறுபத்திரண்டு. லாரி ஷெட்டிலேயே ஆயுளைக் கழித்தவர். அதிகம் பேசவில்லை. இன்ஜினை ஓடவிட்டார். எண்ணெய்க் குப்பியை எடுத்து, கார்பரேட்டரின் அடிப்பாகத்தைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் சொட்டு விழுந்ததும் உதறல் நின்றது. எண்ணெயை உள்ளே இழுத்துக்கொண்டதும் மறுபடி உதறியது.

"ஏர் இழுக்குது நைனா. இங்க பாரு, மயிர் மாதிரி விரிசல். எவனோ ஒருத்தன் எப்பவோ போல்ட்ட ஓவரா முறுக்கிக்கீறான். பழைய பார்ட்டு, லேசுல கெடைக்காது. தாயி, ஒரு துண்டு சோப்பு கொண்டா."

தாட்சாயிணி குளியலறையிலிருந்து சிவப்பு சோப்பைக் கொண்டுவந்தாள். சின்னப்பையன் இன்ஜினை அணைத்தார். நகத்தால் விரிசலைச் சுரண்டினார். பொடிப்பொடியாக உதிர்ந்ததை உள்ளங்கையில் வைத்து முகர்ந்தார். "ஏற்கெனவே இங்க சோப்பு இருந்துகீது. இதே சோப்பு தான்." சொல்லிக்கொண்டே புதுச் சோப்பைக் கிள்ளி விரிசலில் அழுத்தித் தேய்த்தார். "இப்ப போடு."

கோதண்டம் சாவியைத் திருப்பினார். பானெட்டை மூடி, நெளிந்த டம்ளர்களில் ஒன்றை மேலே வைத்து விளிம்புவரை தண்ணீர் ஊற்றினார். நீர் அசையவில்லை.

கோதண்டம் மனைவி பக்கம் சீறித் திரும்பினார். "பாத்தியா தாட்சா! ஓட்டைய சோப்பு வெச்சி மூடி என் தலைல கட்டிட்டான்! நான் கேட்டதுல இன்னா தப்பு?"

"வண்டி எப்ப வாங்கினே நைனா?" என்றார் சின்னப்பையன்.

"தையில."

"கெட்டது?"

"ஆடியில."

"இந்தச் சூட்டுக்கு சோப்பு எட்டு நாள் தாங்கும், பத்து நாள் தாங்கும். அப்பறம் உதிந்துடும்." சின்னப்பையன் கையைத் துணியில் துடைத்தார். "உனக்காவ எவனோ ஏழு மாசம் வாராவாரம் வந்து வெச்சிகீறான்."

இன்ஜின் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கோதண்டம் மனைவியைப் பார்த்தார். அவள் தன் கையில் இருந்த மீதிச் சோப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ள அழைப்பன்னிக்குக் காலைல கூட எத்திராஜ் அண்ணன் பின்வாசல்ல வந்து நின்னாரு. நீ தான் குடுக்காதன்னியே... சோப்பு தீந்துடுச்சின்னு சொல்லி அனுப்பிச்சிட்டேன்."