மருமகன் அனுப்பிய ஸ்டியரிங்கும் மச்சானுக்குப் போன ஸலாமும்

மாத்தளை,
வியாழக்கிழமை.

அன்பும் மதிப்பும் மிக்க மருமகன் ஸப்வான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாமா பதுர்தீன் எழுதிக்கொள்வது. வல்ல நாயன் கிருபையால் நானும், உங்கள் மாமி ஸரீனாவும், உங்கள் மனைவி அம்றாவும், பல் முளைத்த நாளிலிருந்து கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கும் உங்கள் மகளும் நலமே. டோஹாவில் வெயில் கடுமை என்று அம்றா சொன்னாள். தலையை மூடிக்கொண்டு வேலைக்குப் போகவும். நீங்கள் கார்கோவில் போட்ட பெட்டி வந்து சேர்ந்தது. பால்மா, சவர்க்காரம், அத்தர், மாமிக்கு அனுப்பிய போர்வை எல்லாம் சேதமில்லாமல் கிடைத்தன. எனக்கென்று அனுப்பிய ஸ்டியரிங்கும் சேதமில்லாமல் கிடைத்தது. அதன் பிறகு சேதமானது நான்தான்.

போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். போனில் ஆரம்பித்தால் பக்கத்தில் நின்று அம்றா சிரிக்கிறாள். மாமியின் காதுக்குப் போகக்கூடாத விஷயமும் இதில் உண்டு. ஆகவே லீவு முடிந்து டோஹா திரும்பும் ஹுசைனின் கையில் இந்தக் கடிதத்தை ஒட்டிக் கொடுக்கிறேன். நான் குறை சொல்கிறேன் என்று நீங்கள் நினைக்கக்கூடாது. குறைதான் சொல்லப்போகிறேன், ஆனாலும் நினைக்கக்கூடாது. நமது டட்சன் காரின் பழைய ஸ்டியரிங் வெயிலில் இளகிக் கையெல்லாம் கறுப்பாக ஒட்டுகிறது, தொழுகைக்கு வுழூச் செய்து கழுவினாலும் போவதில்லை என்று எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னதை மனதில் வைத்து நீங்கள் இதை வாங்கி அனுப்பினீர்களே, அந்த நல்ல மனசுக்கு என்றும் துஆச் செய்வேன். ஆனால் பெட்டியைத் திறந்ததும் மாமி கேட்டது, "இதென்ன, புள்ளக்கி விளையாடவா?" என்றுதான். அவ்வளவு சின்னது. கறுப்புத் தோல், சிவப்பு நூல் தையல், நடுவில் ஓட்டை போட்ட மூன்று கம்பிகள். சொல்லி முடிப்பதற்குள் பிள்ளை அதில் ஒரு கடி கடித்துவிட்டது. அந்தப் பல் அடையாளம் இப்போதும் இருக்கிறது, ஓட்டும்போது என் பெருவிரல் அதில்தான் படுகிறது.

மறுநாளே மோகனராஜ் பாஸின் கராஜுக்குக் கொண்டுபோனேன். அவர் ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மொதலாளி, இது ரேஸ் ஓடுற காருக்குள்ளது. நம்ம வண்டித் தண்டுல நேரா ஒக்காராதுங்க, நடுவுல ஒரு அடாப்டர் வேணும்" என்றார். அடாப்டர் என்பது ஸ்டியரிங்குக்கும் தண்டுக்கும் இடையில் வைக்கும் இரும்புத் துண்டாம். எங்கள் காரின் வயதுக்கு அது எந்தக் கடையிலும் இல்லை, ஆகவே லேத்தில் கடைந்து எடுத்தார். அது வந்த பிறகு பழைய ஸ்டியரிங் கழன்று வர மாட்டேன் என்று அடம்பிடித்தது. எண்ணெய் விட்டார், தட்டினார், நானும் பிடித்து இழுத்தேன். கடைசியில் அவர் ஸீட்டில் உட்கார்ந்து, இரண்டு காலையும் ஊன்றி, "முருகா" என்று ஓர் இழுப்பு இழுத்தார், நான் வெளியில் நின்று "பிஸ்மில்லாஹ்" என்றேன். யாருடைய விண்ணப்பம் முதலில் போனதோ தெரியாது, ஸ்டியரிங்கும் அவரும் ஒன்றாகப் பின் ஸீட்டில் கிடந்தார்கள். புதியதைப் பூட்டி ஓட்டிப் பார்த்தால், கார் நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்கிறது, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தால் கார் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கப் பார்க்கிறது. திரும்பவும் கழற்றித் தண்டில் ஒரு பல் தள்ளிப் பூட்டினார். நேரானது. அதன் பிறகுதான் தெரிந்தது, வட்டம் சிறியதென்றால் திருப்ப இரண்டு மடங்கு பலம் வேண்டுமென்று. காரை நிறுத்தி எடுக்கிற ஒவ்வொரு தடவையும் நான் தேங்காய் மூட்டை தூக்கியவன்போல மூச்சு வாங்கினேன். இரவில் மாமி தோளுக்குத் தைலம் தேய்த்தாள். பெட்ரோல் முள்ளையும் புதிய ஸ்டியரிங் மறைத்துவிட்டது, எவ்வளவு இருக்கிறதென்று பார்க்கத் தலையைக் கதவுப் பக்கம் சாய்க்க வேண்டும், எதிரில் வருகிறவர்கள் நான் தூங்குகிறேன் என்று நினைக்கிறார்கள்.

இதெல்லாம் பரவாயில்லை. ஹோன் இருக்கிறதே, அதுதான் என் மானத்தை வாங்கியது. நேராகப் போனால் சத்தமில்லை. இடப்பக்கம் திருப்பினால் சத்தமில்லை. வலப்பக்கம் திருப்பினால் மட்டும், நான் தொடாமலே, ஹோன் தானாக அடிக்கிறது. ஸ்டியரிங் நேராகும் வரை நிறுத்தாமல் அடிக்கிறது. உள்ளே ஏதோ இரும்பில் உரசுகிறதாம். அதற்கு ஒரு செப்பு வளையம் வேண்டும், கொழும்பிலிருந்து வர வேண்டும் என்றார் மோகனராஜ் பாஸ். "அதுவரைக்கும் ஹோன் வயர வெட்டி விட்டுறட்டுமா மொதலாளி?" என்று கேட்டார். ஹோன் இல்லாமல் மாத்தளையில் கார் ஓட்டுவது வாய் இல்லாமல் சந்தைக்குப் போவது மாதிரி, வேண்டாம் என்றேன். "அப்ப வலப்பக்கம் கொஞ்சமா திரும்புங்க" என்றார். பெரிய யோசனை!

மிளகு பார்க்க நாலந்தாப் பக்கம் போனேன். எனக்கு முன்னால் ஒரு வேன். ஒவ்வொரு வலது வளைவிலும் நான் முந்தக் கேட்கிறேன் என்று நினைத்து அந்த மனிதர் ஓரம் கட்டி வழிவிட்டார். நான் முந்தவில்லை. அடுத்த வளைவிலும் அப்படியே. கடைசியில் வேனை நிறுத்தி இறங்கி வந்து, எனக்கு என்னதான் வேண்டும் என்று சிங்களத்தில் கேட்டார். எனக்கு ஒன்றும் வேண்டாம், காருக்குத்தான் என்று சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கொஞ்சம் பிந்திவிட்டது. பள்ளிவாசல் வளவுக்குள் நுழைய வலப்பக்கம் திரும்ப வேண்டும். ஸ்டியரிங்கின் பாரத்தில் கார் அங்குலம் அங்குலமாகத் திரும்புகிறது, அவ்வளவு நேரமும் ஹோன் அடிக்கிறது, உள்ளே மௌலவி பொறுமையைப் பற்றிக் குத்பா ஓதிக்கொண்டிருக்கிறார். அவர் நிறுத்திவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தார். குத்பா நேரத்தில் பேசக்கூடாது என்பதால் ஒருவரும் வாய் திறக்கவில்லை, ஆனால் நான் உள்ளே போனபோது கடைசி ஸப்பு வரிசை முழுவதும் தோள் குலுங்கியது.

இனி, மாமிக்குத் தெரியக்கூடாத விஷயத்துக்கு வருகிறேன். மாமியின் கூடப்பிறந்த நானா அப்துல் ஸமத்துக்கும் எனக்கும் பேச்சில்லை என்பது உங்களுக்குத் தெரியும், உங்கள் கல்யாணத்தில்தானே அது ஆரம்பித்தது. ஆனால் அன்று நீங்கள் மாப்பிள்ளை, முழு விவரமும் உங்களிடம் வந்திருக்காது. உங்களை அழைத்துவர நமது டட்சனைக் கழுவிப் பூ வைத்து நிறுத்த ஏற்பாடு செய்திருந்தேன். கல்யாணத்துக்கு முதல் நாள் சாப்பாட்டில், ஒரே ஸஹன் தட்டில் என்னோடு சோற்றில் கை வைத்துக்கொண்டு, எல்லோரும் கேட்கும்படி அவர் என்ன சொன்னார் தெரியுமா? "மச்சான், இந்தக் கார்ல மாப்புளய ஏத்தினா நிக்காஹ் அடுத்த நோம்புக்குத்தான் நடக்கும்!" ஸஹனில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் அவருடைய புது வேன் போனது. நீங்கள் ஏறி வந்த வேன் அதுதான். உங்கள் மேல் குற்றமில்லை, மாப்பிள்ளை என்பவர் எதில் ஏற்றினாலும் ஏறத்தான் வேண்டும். அன்று முதல் நான் அவரோடு பேசவில்லை. என்னைச் சொன்னால் பொறுத்திருப்பேன், காரைச் சொல்லிவிட்டார்.

யார் முதலில் ஸலாம் சொல்வது என்பதில்தான் இத்தனை வருடமும் போனது. வயதில் சின்னவர் பெரியவருக்குச் சொல்வதுதான் முறை, அவர் எனக்கு இளையவர், ஆகவே அவர்தான் சொல்ல வேண்டும் என்பது என் பக்கம். வாகனத்தில் போகிறவர்தான் தரையில் நிற்பவருக்குச் சொல்ல வேண்டும், மச்சான் காரில்தானே போகிறார் என்பது அவர் பக்கம். இரண்டும் முறைதான், அதுதான் கஷ்டம். இப்போது அவர் ஹஜ்ஜுக்குப் போகப் பெயர் கொடுத்திருக்கிறார். போகிறவர் வீடு வீடாகப் போய்த் தன் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பது வழக்கமல்லவா, எங்கள் தெருவில் எல்லா வீட்டுப் படியும் ஏறியவர் எங்கள் கேட்டருகில் வந்து, நின்று, போய்விட்டார். மாமி ஜன்னலால் பார்த்தாள். "என்ட நானா இப்படியே போய், ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா நா யார்ட மூஞ்சில முழிக்கிற?" என்று அழுதாள். அன்று சோறு இறங்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். ஆனாலும் நான் இறங்கவில்லை.

அவர் வீட்டு வாசல் எங்கே இருக்கிறது? எங்கள் பாதையின் பெரிய வளைவில். எந்தப் பக்க வளைவு? வலப்பக்கம். மாலையில் அஸர் தொழுதுவிட்டு அவர் கேட்டருகில் நிற்பார், நான் கடை பூட்டி வருவேன், இத்தனை வருடமும் அவர் வானத்தைப் பார்ப்பார், நான் பாதையைப் பார்ப்பேன். புது ஸ்டியரிங்கோடு முதல் நாள் வந்தேன். வளைவு வந்தது. நான் பாதையைத்தான் பார்த்தேன், சத்தியமாக. ஹோன் தொண்டை கிழிய அடித்தது. அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். கை பாதி தூரம் எழும்பியது, இறங்கியது, பிறகு முழுதாக எழும்பியது. அடுத்த நாள் கையைத் தயாராக வைத்துக்கொண்டே நின்றார். அதற்கடுத்த நாள் ஜன்னலுக்குள் கேட்கும்படி, "வஅலைக்கு முஸ்ஸலாம் மச்சான்!" என்றார். பதில் ஸலாம்! நான் சொல்லாத ஸலாத்துக்குப் பதில் ஸலாம்!

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள் மருமகன். அது நான் அடித்த ஹோன் இல்லை, கார் பழுது என்று சொன்னால், "நா அன்றைக்கே சொன்னேனே" என்பார். பழுதில்லை என்றால், நான் இறங்கி வந்து முதலில் ஸலாம் சொன்னவனாகிறேன். இரண்டிலும் அவருக்கே வெற்றி. காரின் மானமா என் மானமா என்று பார்த்தேன், காரை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. வளைவில் கொஞ்சம் தலையை ஆட்டவும் தொடங்கினேன். அவர் வீட்டிலிருந்து வட்டிலப்பம் வந்தது. மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நானா செல்லி அனுப்பீக்கிறாரு, மச்சான் மனசு எளகிட்டாம், ஒவ்வொரு நாளும் ஸலாம் செல்லித்தான் போறாராம்" என்று, தோளுக்குக் கேட்காமலே தைலம் தேய்த்தாள். அந்த நேரத்தில் எப்படி உண்மையைச் சொல்வது? வட்டிலப்பத்தைச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, அங்கே நல்ல ஹோன் வளையம் ஒன்று எடுத்து, வருகிற யாரிடமாவது உடனே கொடுத்தனுப்பவும். இரண்டு, பதுர்தீன் முதலில் ஸலாம் சொன்னான் என்று நாளைக்கு ஊர் பேசினால், அவன் சொல்லவில்லை, மருமகன் அனுப்பிய ஸ்டியரிங்தான் சொன்னது என்பதற்கு நீங்களே சாட்சி. வளையம் வந்த அன்றே ஹோனும் நானும் பழையபடி வாயை மூடிக்கொள்வோம்.

நேரத்துக்குச் சாப்பிடவும். அறையில் இருக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் என் ஸலாம். உங்கள் தொழிலில் பரக்கத்தும் உடம்பில் சுகமும் தந்து, பிள்ளையின் பல்லிலிருந்து உங்கள் சாமான்களையும் அல்லாஹ் காப்பானாக.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா,
பதுர்தீன்.

பின்குறிப்பு: ஹுசைனின் பயணம் தள்ளிப்போனதால் கடிதம் கையிலேயே இருந்தது. அதற்குள் மோகனராஜ் பாஸ் பழைய ஸ்டியரிங்கின் செப்பு வளையத்தையே தட்டி நிமிர்த்திப் போட்டு ஹோனைச் சரியாக்கிவிட்டார். நேற்று மாலை வளைவில் வந்தேன். சத்தமே இல்லை. ஸமத் மச்சான் வழக்கம்போலக் கேட்டருகில் கையைப் பாதி தூக்கியபடி நின்றார். கை அப்படியே நின்றது. நான் கடந்து வந்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்தேன், கையை இறக்காமல் என் கார் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு தாங்கவில்லை மருமகன். காரை நிறுத்தி, தோள் கழன்று போகிற மாதிரி அந்த ஸ்டியரிங்கை ஒடித்து, ரிவர்ஸில் வந்து, அவர் முன்னால் நின்று, என் கையாலேயே ஹோனை அழுத்தினேன். நீளமாக அழுத்தினேன். அவர் ஜன்னலருகே வந்து குனிந்து, "என்ன மச்சான், பாஸ் ஹோன சரியாக்கிட்டாரா?" என்றார். "ஒங்களுக்குத் தெரியுமா?" என்றேன். "பள்ளிக்குள்ள அடிச்சத நானும் கேட்டேன்தானே. வலது பக்கம் திரும்பக்குள்ள மட்டும் அடிக்கிதுன்னு ஊருக்கே தெரியும். ஆனா ஸலாம் மாதிரி ஒண்ணு வந்தா பதில் செல்லாம ஈக்க ஏலுமா?" என்றவர் ஜன்னலுக்குள் கையை நீட்டினார். நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டோம். எயார்போட்டுக்கு ஒங்கட கார்லதான் போவேன் என்றார். இதில் ஏறினால் அடுத்த வருஷ ஹஜ்ஜுக்குத்தான் போய்ச் சேருவீர்கள் என்றேன்.

ஆகவே மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். வளையமும் வேண்டாம். முதலில் ஸலாம் சொல்கிறவருக்கே நன்மை அதிகம் என்பதால், முதல் நாளிலிருந்து ஸலாம் சொல்லி வந்தது நானேதான், அதற்கு நீங்களே சாட்சி. மச்சான் இதை ஏற்கவில்லை. சொன்னது ஹோன், நன்மையும் ஹோனுக்குத்தான், மிச்சம் இருந்தால் ஸ்டியரிங் அனுப்பிய மருமகனுக்கு என்கிறார். இதை இப்படியே விட முடியாது. பேசித் தீர்க்க அவர் வீட்டுக்குத்தான் புறப்பட்டுக்கொண்டிருக்கிறேன், மாமி வட்டிலப்பத் தட்டைத் திருப்பிக் கொடுக்க முன் ஸீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.