கண்டக்டர் முடித்து வைத்த சபதம்

இந்தத் திருவண்ணாமலை ஜில்லாவிலேயே எதையும் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போகத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் கண்டக்டர்தான். அவரோடு வெளியே போகிறவன் அலுத்துப் போய்த்தான் வீடு திரும்புவான். நான் பல வருஷமாக அலுத்துக்கொண்டிருக்கிறேன்.

அவருக்குப் பெயர் ஒன்று உண்டு, யாரும் கூப்பிடுவதில்லை. தனியார் பஸ்ஸில் ஓடி ஓய்ந்தவர். ஒரு தடவை ஓர் அம்மாள், பக்கத்து வீட்டுக்காரி தன் கோழியைத் திருடிய கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாளாம். அவள் இறங்கியும் விட்டாள், கதை முடியவில்லை. இவர் விசில் கொடுக்கவே இல்லை. டிரைவர் ஹாரன் அடிக்கிறார், ஜனங்கள் கத்துகிறார்கள், இவர் படியில் தொங்கிக்கொண்டு, "கோழி கெடச்சிதா இல்லியாம்மா?" என்று கேட்கிறார். இன்னொரு முறை மண்டபம் மாறி, தெரியாதவர் வீட்டுக் கல்யாணத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். தப்பு என்று தெரிந்ததும் எழுந்தாரா? தாலி கட்டி, பந்தி முடிந்து, பெண்ணைக் காரில் ஏற்றும்போது பெற்றவரைவிட ஜாஸ்தியாக அழுதுவிட்டுத்தான் வந்தார்.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்தக் கடையில் சிமெண்ட் மூட்டை சுமந்தேனோ, அந்தக் கடையையே விலைக்கு வாங்கினவன். கீழ்பென்னாத்தூரைச் சுற்றி எழும்பிய மாடிகளில் பாதி என் கம்பியில்தான் நிற்கிறது. படித்த இன்ஜினியர்கள் என்னைக் கண்டால் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்வார்கள். அப்படிப்பட்டவனை இந்த மனுஷன் படுத்திய பாட்டைக் கேளுங்கள்.

போன வருஷம் வேங்கிக்கால் பக்கம் ஒரு நாட்டுப்புறக் கலை விழா. சனிக்கிழமை மத்தியானம் நானும், கண்டக்டரும், போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் எங்கள் கூட்டாளி பாயும் கிளம்பினோம். கண்டக்டர் வரவே மாட்டேன் என்றார். அவர் மகள் மாமியாரோடு ஒத்துவராமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்து மாசக்கணக்காகிறது. மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் பேச வருகிறார்கள். மனுஷனுக்குச் சோறும் இல்லை, தூக்கமும் இல்லை. "மனசு கொஞ்சம் மாறும், வாய்யா" என்று நாங்கள்தான் இழுத்துக்கொண்டு போனோம்.

போய்ச் சேர்ந்தால் ஒரே புழுக்கம். பம்பை, உடுக்கை, கரகம் என்று வரிசையாக வந்தது. ஸ்பீக்கர் பெட்டி நேராக என் காதுக்குள் இருந்தது. கால் இரண்டும் வீங்கிவிட்டது. கடைசியாகத் தெருக்கூத்து. விடிய விடிய ஆட வேண்டியவர்களுக்கு மேடையில் ஒரு கட்டம் ஆடத்தான் நேரம் கொடுத்திருந்தார்கள். சபையில் துரியோதனன் தம்பி துரோபதையின் சேலையை உருவுகிறான். அவள் கூந்தலை விரித்துப் போட்டு, துரியோதனன் சாகும்வரை முடிய மாட்டேன் என்று சபதம் போடுகிறாள். அந்த நிமிஷம் மைக்கில் ஒருவர், "கலைஞர்களுக்குப் பலத்த கைதட்டல்! அடுத்து மயிலாட்டம்!" என்றார். துரோபதை விரித்த தலையோடு இறங்கிப் போய்விட்டாள்.

நான் எழுந்தேன். "வாங்கய்யா, கூட்டத்துல மாட்னா பஸ்ல நின்னுக்கினுதான் போவணும்."

கண்டக்டர் அசையவில்லை. "கூந்தல முடியலியேப்பா."

"யாரு கூந்தல?"

"துரோபதையோடது."

எங்கள் பக்கம் பாரதக் கூத்து நடந்தால், துரியோதனன் விழுந்து, துரோபதை கூந்தல் முடிந்த பிறகுதான் ஜனம் கலையும். அதற்காக, கலை விழாவிலுமா?

"நாளைக்கு எம் பொண்ணு விசயம் பேசறாங்க" என்றார் மெதுவாக. "புகுந்த வீட்டு மேல கோவப்பட்டு தலைய விரிச்சி போட்டுக்கினு நிக்கறவள, அப்படியே உட்டுட்டு நான் எப்படிப்பா வூட்டுக்குப் போறது?"

சிரிக்க வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

மேடைக்குப் பின்னால் துரோபதை லுங்கி கட்டிக்கொண்டு குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். டோப்பா முடி பெட்டி மேல் கிடந்தது. கண்டக்டர் விஷயத்தைச் சொன்னார்.

"பெரியவரே, முகம் கழுவிட்டா அன்னிக்கு மறுபடி வேசம் கட்ட மாட்டோம், அது எங்க வழக்கம். பாட்டு பாடறேன், கொண்டையும் போட்டு உடறேன். தலைக்கு மட்டும் வேற ஆளப் பாருங்க."

பக்கத்தில் துரியோதனன் கிரீடத்தோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் சாவணுமாண்ணே?"

"ஆமாம்பா, கொஞ்சம் செத்துடு."

"டீய குடிச்சிட்டு சாவறேன்."

யார் தலை? பாய், "நான் படம் எடுக்கணும்" என்று தப்பித்துக்கொண்டார். கண்டக்டரைப் பார்த்தேன். "எந்தலைல நடந்தா நான் எப்படிப்பா பாக்கறது?" என்றார். மிச்சம் இருந்தது என் வழுக்கைத் தலைதான்.

உட்கார்ந்தேன். டோப்பா இறங்கியது, பவுடர் வாசமும் வேர்வை வாசமுமாக. துரோபதை என் தலைக்கு மேல் நின்று தொண்டை கிழியப் பாட ஆரம்பித்தார். துரியோதனன் பெட்டியில் சாய்ந்து நாக்கை நீட்டிவிட்டார். மயிலாட்டக்காரர்கள் ஆட்டத்துக்குப் போகாமல் சுற்றி நின்று பார்த்தார்கள். அப்போதுதானா அந்த வழியாக என் கடையில் கம்பி எடுக்கும் இன்ஜினியர் குடும்பத்தோடு வர வேண்டும்?

"மொதலாளி... நீங்களா?"

தலையைத் திருப்ப முயன்றேன். "அசையாத, துரோபதை!" என்று அதட்டி, கொண்டையை இறுக்கிப் பூவைச் சுற்றினார் கூத்துக்காரர். பாய் நாலு பக்கமும் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். கண்டக்டர் கண்ணை மூடிக் கும்பிட்டார். எனக்கா, டோப்பாவுக்கா, தெரியவில்லை.

மறுநாள் பேச்சு என்ன ஆனது என்பீர்கள். மகளும் மாப்பிள்ளையும் தனிக்குடித்தனம் போவது என்று நல்லபடியாகத் தீர்ந்தது. புண்ணியம் துரோபதைக்கு என்கிறார் கண்டக்டர். என் தலைக்குத்தான் என்கிறார் பாய், படத்தைக் காட்டி, ஊரெல்லாம்.

எனக்கு மனசில் நிற்பது அன்றைக்குத் திரும்பிய பஸ்தான். உட்கார இடம் கிடைத்தது. வண்டி கிளம்புவதற்குள் கண்டக்டர் என் தோளில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். என் வீடு ஊருக்கு முந்தின ஸ்டாப்பில். உடம்பெல்லாம் வலி, போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. ஸ்டாப் வந்தது. இறங்கவில்லையா என்று பாய் கையை ஆட்டினார். சும்மா இரு என்று நானும் கையைக் காட்டிவிட்டு, தோளைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தேன்.