கிளைமாக்ஸ் அக்காவின் கோபம்

தமிழ்நாட்டில் சினிமாக் கொட்டகைக்குச் சண்டை போடுவதற்கென்றே டிக்கெட் வாங்கிய ஒரே ஆள் கிளைமாக்ஸ் அக்காதான். எழுபதுகளின் கடைசியில், திருச்செங்கோட்டில் லாரி புக்கிங் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்த நான் வாடகைக்குத் தங்கிய அறைக்கு அடுத்த வீடு அவருடையது. இரண்டு எருமை வைத்துப் பால் ஊற்றினார். சண்டையெல்லாம் படத்தின் முடிவோடுதான் என்பதால் தெரு வைத்த பெயர் அது; சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை.

ஒரு படத்தில், பெண்டாட்டி பிள்ளையை விட்டு ஓடிய கதாநாயகன் கடைசியில் வந்து கண்ணீர் விட, அவள் உடனே மன்னித்துவிட்டாள். கொட்டகையே மூக்கைச் சிந்தியது. அக்கா மட்டும் நேராக மேனேஜரிடம் போனார்.

"ஏனுங்க, அவன் பஸ் ஏறுனப்ப பையன் பின்னாலயே ஓடியாந்தானே, ஒரு தடவ திரும்பிப் பாத்தானா? அப்பப் பாக்காதவனுக்கு இப்ப என்னங்க மன்னிப்பு?"

"அம்மா, நாங்க படம் ஓட்டறவங்க. எடுக்கறவங்க இல்லீங்க."

"ஓட்டறதுக்கு முன்னால பாத்திருக்கோணுமல்லோ!"

இன்னொரு படத்தில் அயோக்கியக் கொழுந்தன் திருந்தியபோது அக்காவே தேம்பி அழுதார். கூடப் போயிருந்த நான் திருதிருவென்று விழித்தேன். "நடுவுல ஒருக்கா அண்ணிக்குச் சோத்த மறைச்சு வெச்சுக் குடுத்தானே தம்பி, அந்த ஒரு கை சோறு இல்லீனா இந்த அழுவாச்சி வருமா?" என்று அதற்கும் என்னையே திட்டினார்.

அந்தக் கோபம் எங்கிருந்து வந்ததென்று ஒரு காலையில் புரிந்தது. போர் போடும் ரிக் வண்டியோடு ஆந்திரா போய், வருஷக்கணக்கில் தகவலே இல்லாதிருந்த அவர் புருஷன் வாசலில் வந்து நின்றார். நின்றவர் தடாலென்று அக்காவின் காலில் விழுந்தார். தெருவே கூடிவிட்டது.

"எந்திரிங்க! கடேசி ரீலுல வந்து உளுந்தா ஆச்சா? எங்கம்மா செத்தப்ப வந்தீங்களா? இருக்கேன்னு ஒரு கார்டு போட்டீங்களா?"

"மன்னிச்சு உட்டுரு சாமி," என்றார் எதிர்வீட்டுப் பெரியம்மா.

"நீங்க டிக்கெட் எடுத்தா வந்தீங்க? அவங்கவங்க ஊட்டுக்குப் போங்க!"

புருஷனுக்கு எருமைக் கொட்டாயில் இடம் கிடைத்தது. மாதக்கணக்கில் சாணி அள்ளினார். அக்கா எருமைகளைக் கொஞ்சுவார், அவரைத் திட்டுவார். தெருவில் பலருக்கும் அக்கா மேல் எரிச்சல். எனக்கும்தான்.

ஐப்பசி மழையில் அக்கா காய்ச்சலில் படுத்தார். விடிவதற்குள் அந்த மனிதர், யாரும் சொல்லாமலே பால் கறந்து, நனைந்துகொண்டே வீடு வீடாக ஊற்றிவிட்டு வந்தார். உள்ளே போகவில்லை. வாசலில் சொட்டச் சொட்ட நின்றார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"பாலுல தண்ணி கலந்தீங்களா?"

"இல்ல அம்மிணி."

"பால் போசியக் கழுவுனீங்களா?"

"கழுவிக் கவுத்தீட்டேன்."

அக்கா கொஞ்ச நேரம் மழையையே முறைத்தார். பிறகு அதே கோபக் குரலில், "உள்ள வந்து தலையத் தொவட்டுங்க. சோறு போடறேன்," என்றார்.

அந்த மனிதர் அழவில்லை. அடுத்த வீட்டில் பல் விளக்கிக்கொண்டிருந்த நான்தான் அழுதேன்.

எனக்குக் கூடப்பிறந்த அக்கா கிடையாது. ஆனாலும் யாராவது கேட்டால், திருச்செங்கோட்டில் ஒருத்தி உண்டு என்றுதான் இன்றுவரை சொல்கிறேன்.